செஸ் ஆட்டத்தை வீட்டுக் கணினியில் அலச

காட்பாடி, குடியாத்தம் பக்கம் போட்டிகளில் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஆட்டத்தை அலச காசு செலவழிக்கத் தேவையில்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின் (நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்) இலவசம், உலக சாம்பியனையே மிஞ்சும் பலம். ஆனால் அதைத் தனியாகத் திறந்தால் பலகை வராது, வெறும் கறுப்புத் திரைதான். அதனால் என் ஓட்டு, பலகையோடு வரும் லூகாஸ் செஸ் மென்பொருளுக்கு: அதுவும் இலவசம், ஸ்டாக்ஃபிஷ் உள்ளேயே இருக்கும். ஸ்டாக்ஃபிஷைத் தனியாக இறக்கினால், பழைய கணினியில் ஏவிஎக்ஸ்2 பதிப்பு (புதிய ப்ராசஸர்களுக்கானது) ஓடாமல் போகலாம். சாதாரண 64 பிட் பதிப்பை எடுங்கள். லீலாவும் நல்ல இன்ஜின்தான், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் ஆமை வேகம். இன்ஜின் அமைப்பில் த்ரெட் (ப்ராசஸரில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) எண்ணிக்கையை முழுதாக ஏற்றாதீர்கள்; வேலூர் வெயிலில் கணினியின் ஃபேன் பாவம். மல்டிபிவி (எத்தனை சிறந்த நகர்வுகளைக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு) 3 என்று வைத்தால் மூன்று நகர்வுகளை ஒப்பிடலாம். எங்கே சறுக்கியது என்று முதலில் பிள்ளையே குறிக்கட்டும், அப்புறம் இன்ஜினைத் திறங்கள்.