அல்ட்ரா வைடு ஜூம்: வளையும் கோடு, சாயும் கட்டடம், இழுபடும் முகம்

16-35 மி.மீ. போன்ற அல்ட்ரா வைடு (மிக அகன்ற காட்சியைப் பிடிக்கும்) ஜூம் லென்ஸில் எடுத்த படம் கோணலாக வந்தால், அதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கலாம். எது எதுவென்று பிரிக்காமல் படம் திருத்தும் மென்பொருளில் ஸ்லைடரை இழுத்தால் படம் இன்னும் கெடும்.

முதலில் லென்ஸைச் சோதியுங்கள்

டைல்ஸ் ஒட்டிய சுவருக்கு எதிரே கேமராவை ட்ரைபாடில் வையுங்கள். சுவரில் லென்ஸ் உயரத்தில் ஒரு சிறிய கண்ணாடியைப் படிய ஒட்டுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை கேமராவை நகர்த்தித் திருப்புங்கள். அப்போதுதான் அது சுவருக்கு நேராக நிற்கிறது. கேமராவின் வளைவுத் திருத்த வசதியான டிஸ்டார்ஷன் கரெக்‌ஷனை அணைத்துவிட்டு 16, 20, 24, 35 மி.மீ.-இல் ஒவ்வொரு படம் எடுங்கள்.

16-இல் டைல்ஸ் கோடுகள் பீப்பாய்போல் வெளியே உப்பும். ஜூம் செய்யச் செய்ய உப்பல் குறைந்து, பல லென்ஸ்களில் 35-க்கு அருகே உள்ளே குழியும். இடையில் கோடு ஏறக்குறைய நேராகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம் எடுக்க அதுவே நல்லது.

வளைவு

லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் லென்ஸ் கரெக்‌ஷன்ஸ் பகுதியில் புரொஃபைலை (அந்த லென்ஸுக்கென்று தயாராக உள்ள திருத்தக் கணக்கு) இயக்கினால் போதும். இலவச மென்பொருளான டார்க்டேபிளிலும் இந்த வசதி உண்டு. கேமராவே திருத்திய ஜேபெக் படத்துக்கு மறுபடி திருத்தம் போடாதீர்கள். கோடு எதிர்ப்பக்கம் வளையும்.

சாய்வு

கட்டடம் பின்னால் சாய்வது லென்ஸின் குறையல்ல, கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வருவது. கேமராவை மட்டமாக வைத்து எடுத்து, கீழே மிஞ்சும் தரையை வெட்டிவிடுங்கள். முடியாவிட்டால் லைட்ரூமின் டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் ‘கைடட்’ தேர்ந்து, செங்குத்து விளிம்புகள் இரண்டின்மீது கோடு போடுங்கள். வளைவைத் திருத்திய பிறகே இதைச் செய்ய வேண்டும். வளைந்த விளிம்பில் நேர்கோடு பொருந்தாது. ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள்.

இழுபடும் முகம்

புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். நேர்கோட்டை நேராகவே காட்டும் எந்த லென்ஸும் ஓரத்தில் உருவத்தை வெளிப்பக்கம் இழுத்தே தீரும். ஃபுல் ஃப்ரேம் (36x24 மி.மீ. சென்சார்) கேமராவில் 16 மி.மீ. வைத்தால், இடது வலது விளிம்பில் இருக்கும் பந்து உயரத்தைவிடச் சுமார் 1.5 மடங்கு அகலமாகப் பதியும், 24-இல் 1.25 மடங்கு. லென்ஸ் புரொஃபைல் இதைச் சரிசெய்யாது.

ஆகவே குழுப்படத்துக்குப் பின்னால் நகர்ந்து 28 அல்லது 35-க்குப் போங்கள். இடமில்லையென்றால் இரு பக்கமும் காலியிடம் விட்டு, ஆட்களை நடுவில் நெருக்கி நிறுத்துங்கள். வரிசையைப் பிறைபோல் வளைத்து ஓரத்தில் நிற்பவர்களை முன்னால் வரவழைக்க வேண்டாம்: ஏற்கெனவே அகன்று தெரிபவர்கள் இன்னும் பெரிதாகிவிடுவார்கள்.