வற்றிய எண்ணெய்க் கிணறுகளில் குறையழுத்தத் துளையிடல்: பாடுபட்டதை இழக்க வைக்கும் தவறுகள்

2000 மீட்டர் ஆழக் கிணற்றில் வெறும் தண்ணீர் நின்றாலே அடியில் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கும். பல ஆண்டுகள் எண்ணெய் எடுத்த பாறையில் 90 பார்தான் மிச்சம் என்றால், துளையிடும் திரவம் பாறைக்குள் இறங்கிவிடும். டீசலை நிரப்பினாலும் இதே கதைதான். அதனால்தான் திரவத்தில் நைட்ரஜனைக் கலந்தோ நுரையாக்கியோ, கிணற்றின் அழுத்தத்தைப் பாறையின் அழுத்தத்துக்குக் கீழே வைத்துத் துளைக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் அரைகுறையாகச் செய்தால், செய்யாமலே இருந்திருக்கலாம்.

முதல் தவறு, பழைய அழுத்தக் கணக்கை நம்புவது. ஒரே வயலில் எல்லா அடுக்குகளும் ஒரே அளவில் வற்றுவதில்லை. எண்ணெய் எளிதாக ஓடும் அடுக்கு சீக்கிரம் வற்றிவிடும். இறுகிய அடுக்கு அழுத்தத்தைத் தக்கவைத்திருக்கும். சராசரியை வைத்துத் திட்டமிட்டால், ஓர் அடுக்கு திரவத்தை விழுங்கும்போது இன்னொன்று கக்கும். பக்கத்துக் கிணறுகளை மூடி, புதிதாக அளந்தே ஆக வேண்டும்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, துளையிடும் குழாயோடு அடுத்த குழாயை இணைக்கப் பம்பை நிறுத்தும் நேரத்தில் நிகழ்கிறது. பம்பு நின்றதும் வாயுவும் திரவமும் பிரிகின்றன; திரவம் அடியில் தேங்குகிறது. மறுபடி பம்பை ஓட்டும்போது அழுத்தம் சட்டென்று ஏறி, பாறையின் அழுத்தத்தைத் தாண்டிவிடலாம். வழக்கமான துளையிடலில் சேறு எனப்படும் துளையிடும் திரவம் கிணற்றுச் சுவரில் ஒரு படலமாகப் படிந்து பாறையைக் காக்கும். இங்கே அந்தப் படலம் இல்லை, பாறை திறந்து கிடக்கிறது. சில நிமிட ஏற்றம் போதும், திரவமும் நுண்துகள்களும் ஆழமாக உள்ளே போய் நுண்துளைகளை அடைத்துவிடும். கிணற்றுச் சுவரைத் தாங்கும் கேசிங் குழாய்க்கு வெளியே தனி வழியில் நைட்ரஜனைத் தொடர்ந்து செலுத்துவதும், அடியிலேயே அழுத்தமானி வைத்துப் பார்ப்பதும் செலவுதான். அந்தச் செலவில் கைவைக்கக் கூடாது.

அழுத்தத்தைக் குறைக்க வாயுவைக் கூட்டிக்கொண்டே போவதும் பலிக்காது. ஓர் அளவுக்கு மேல் உராய்வு கூடி, அடியழுத்தம் மறுபடி ஏறத் தொடங்கும்.

நைட்ரஜனுக்குப் பதில் காற்றைச் செலுத்திச் சிக்கனம் பார்ப்பது ஆபத்து. எரிவாயுவோடு கலந்தால் கிணற்றுக்குள்ளேயே தீப்பிடிக்கலாம். களத்திலேயே சவ்வு வழியாகப் பிரித்தெடுக்கும் நைட்ரஜனிலும் கொஞ்சம் ஆக்சிஜன் தங்கியிருக்கும். உப்புநீரோடு சேர்ந்தால் குழாயை அரிக்கும். அரிப்புத் தடுப்பானை மறந்துவிடக் கூடாது.

அழுத்தம் குறைவாக இருப்பதால் பாறைக்குள் எதுவும் போகாது என்று நினைப்பதும் தவறு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, நீரை விரும்பும் பாறை எதிர் அழுத்தத்தையும் மீறித் தண்ணீரை உறிஞ்சும். அத்தகைய பாறைக்கு எண்ணெய் சார்ந்த திரவமே பொருந்தும்.

இவ்வளவும் கவனமாகச் செய்துவிட்டு, கடைசியில் எண்ணெயை மேலே கொண்டுவரும் உற்பத்திக் குழாயை இறக்குவதற்காகக் கனமான திரவத்தை ஊற்றிக் கிணற்றை அடக்குபவர்களும் உண்டு. பாதுகாத்த பாறை அந்த ஒரு நாளில் கெட்டுவிடும். அழுத்தத்தோடு இருக்கும் கிணற்றிலேயே குழாயை இறக்கும் கருவிக்கும், கிணற்றுக்குள்ளேயே மூடித் திறக்கும் வால்வுக்கும் முதல் நாள் திட்டத்திலேயே பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.