கடல் தனியாக, ஆள் தனியாக: இயற்கைக் காட்சியில் மனிதரை வரையும்போது வரும் தவறுகள்

முட்டம் கடற்கரையில் வரையப் பழகிய புதிதில், பாறை, கடல், வானம் எல்லாம் முடித்துவிட்டு, மிச்சம் கிடந்த மணலில் ஒரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பக்கத்தில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "இந்த உயரம் இருந்தா நான் நடந்தே போய் மீன் பிடிப்பேனே மக்கா" என்றார்.

அவர் சொன்னது சரி. தொடுவானம் எப்போதும் வரைபவரின் கண்மட்டத்தில்தான் தெரியும். சமமான மணலில் நின்று வரைந்தால், நம் உயரமுள்ளவர் 10 அடியில் நின்றாலும் 100 அடியில் நின்றாலும் அவர் கண் அந்தக் கோட்டில்தான் வரும். மணலில் உட்கார்ந்து வரைந்தால் கோடு எல்லாருடைய இடுப்புப் பக்கமாகப் போகும். (தண்ணீரை நோக்கிச் சரிவில் இறங்கியவர்கள் கொஞ்சம் தாழ்வார்கள், அவ்வளவுதான்.) நான் உட்கார்ந்து வரைந்த ஆளுக்கோ கோடு முழங்காலில் ஓடியது. கணக்குப் பார்த்தால் அவர் ஒன்பது அடி ஆள்! அதனால் ஆளுக்கான இடத்தை முதல் கோட்டிலேயே குறித்துவிடுங்கள். கால் மணலில் புதைகிற இடத்தில் சுற்றுக்கோடே வேண்டாம்.

அடுத்தது நிறம். 'தோல் நிறம்' என்று கடையில் விற்கும் வெளிறிய ரோஸ் ட்யூப் நம் ஊரில் யாருக்கும் பொருந்தாது. தேரூர்ப் பக்கம் குனிந்து நடவு நடும் அக்காவின் தாடையில் நாற்றின் பச்சை ஏறியிருக்கும். வியர்த்த கையில் வானத்தின் நீலம் மின்னும். நிழலுக்கு வெறும் கறுப்பைத் தொட்டீர்களோ, அவர் வயலை விட்டு வெளியே வந்துவிடுவார்.

முகத்தில் தொடங்காதீர்கள். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857-இல் வரைந்த, கதிர் பொறுக்கும் மூன்று பெண்களின் முகம் நமக்குச் சரியாகத் தெரியாது. வளைந்த முதுகே எல்லாம் சொல்லிவிடும். பனையேறி என்றால் தளைநார் மாட்டிய பாதத்தையும் மரத்தை அணைத்த கையையும் முதலில் பிடியுங்கள். மீசை அப்புறம்.

"அப்படியே நில்லுங்கண்ணே" என்றால் போச்சு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்துவிடுவார். வேலை செய்யும் கை அதே இடத்துக்குத் திரும்ப வரும், காத்திருங்கள்.

குளத்தில் குளிப்பவர்களைச் செல்போனில் ஜூம் செய்து எடுத்து வீட்டில் வரைவது மட்டும் வேண்டவே வேண்டாம். நான் நோட்டைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் முந்தானையைச் சரிசெய்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். அன்றைக்குப் பாறையை வரையலாம். முட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.