விமானம் மாறும் இடைவெளியில் ரோம்: புதிதாக வந்தவர்களுக்குச் சில வழிமுறைகள்

ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் புதிதாகக் குடியேறியவர்கள் ஊருக்குப் போய்வர மலிவான பயணச்சீட்டைத் தேடும்போது, ரோமின் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் எட்டு, ஒன்பது மணி நேரம் காத்திருந்து விமானம் மாறவேண்டிய பயணங்களும் கண்ணில் படும். அந்த நேரம் முழுவதையும் நாற்காலியில் சாய்ந்தபடி கழிப்பவர்களே அதிகம். ஆவணமும் நேரக்கணக்கும் சரியாக இருந்தால் அதே நேரத்தில் ரோமின் பழைய நகரத்தை நடந்து பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பிவிடலாம்.

முதலில் ஆவணம். ஷெங்கன் நாடு (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) ஒன்றின் வதிவிட அனுமதி அட்டையோ, செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவோ, அதனுடன் கடவுச்சீட்டும் கையில் இருந்தால் வெளியே செல்லத் தடையில்லை. ஆனால் விசா ஒரே ஒரு முறை நுழைவதற்கானது என்றால், ஊரிலிருந்து வரும் வழியில் ரோமில் நுழைந்ததோடு அந்த நுழைவு முடிந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. பிரிட்டனில் வசிக்கும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அந்நாட்டு வதிவிட உரிமை இங்கே உதவாது. ரோம் நகருக்குள் போக அவர்களுக்குத் தனியாக ஷெங்கன் விசா வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்கவேண்டும். ஷெங்கன் விசாவோ வதிவிட அனுமதியோ இல்லாத நிலையில், விமான நிலையத்தை விட்டு வெளியேறாமல் விமானம் மாறுவதற்கும் பொதுவாக அவர்கள் டிரான்சிட் விசா எடுக்கவேண்டியிருக்கும். இரண்டு விமானங்களையும் தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க நேரும். அதற்கு எல்லைச் சோதனையைத் தாண்டி வெளியே வரவேண்டும் என்பதால், விசா இல்லாதவர்கள் அப்படிச் சீட்டு வாங்கவே வேண்டாம்.

அடுத்தது நேரம். பயணச்சீட்டில் எட்டு மணி நேரம் என்றிருந்தாலும் அவ்வளவும் உங்கள் கைக்கு வராது. இறங்கி வெளியே வர ஒரு மணி நேரம், ரயிலில் போகவர ஒன்றரை மணி நேரம், இந்தியா அல்லது இலங்கைப் பக்கம் போகும் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகத் திரும்புதல் என்று கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது இரண்டரை மணி நேரம்தான். ஆறு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் நகருக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கைக்குழந்தையோடு வருபவர்கள் அதையும் ஏழாக வைத்துக்கொள்ளலாம்.

விமான நிலையத்திலிருந்து நகரின் பெரிய ரயில் நிலையமான டெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடங்களில் போகிறது; கட்டணம் 14 யூரோ. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் பழைய ரோமரின் வட்டரங்கமான கொலோசியம் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்வது, அதே நிலையத்திலிருந்து புறப்படும் எஃப்எல் 1 என்ற வட்டார ரயிலைத்தான். 8 யூரோ கட்டணத்தில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஒஸ்டியென்சே நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து நடந்து பிராமிடே மெட்ரோ நிலையத்துக்குப் போய் பி தடத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தமே கொலோசியம். இந்த ரயில் டெர்மினிக்குப் போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையிலுள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்கவேண்டும். முத்திரை இல்லாத சீட்டுக்கு அபராதம் உண்டு. கைப்பெட்டிகளை விமான நிலையத்தின் மூன்றாம் டெர்மினலில் உள்ள பொருள் வைப்பகத்தில் விட்டுவிட்டுப் போனால் கல் பாவிய தெருக்களில் இழுத்துத் திரிய வேண்டியிருக்காது.

இந்த இரண்டரை மணி நேரத்தில் கொலோசியத்துக்கு உள்ளே போக முயலாதீர்கள். வெளியே நின்று அதன் வளைவுகளை ஒரு சுற்றுப் பார்த்தாலே போதுமான நிறைவு கிடைக்கும். பிறகு பியாட்சா வெனேட்சியா சதுக்கத்தை நோக்கிச் செல்லும் அகன்ற சாலையில் நடந்தால், இடப்பக்கம் மூன்று மாபெரும் செங்கல் வளைவுகள் தெரியும். 4ஆம் நூற்றாண்டில் எழுந்த மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பொதுமன்றக் கட்டடத்தின் மிச்சம் அது. அந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் அதற்கு முன் டொமிஷியன் பேரரசன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. சேரநாட்டு முசிறித் துறையிலிருந்து யவனர் (கிரேக்க, ரோம வணிகர்) கப்பலேற்றிக் கொண்டுபோன மிளகு, செங்கடல் வழியாக எகிப்தைக் கடந்து வந்து சேர்ந்த நகரம் இது. நம்மவர்கள் ஒரு நிமிடமாவது அங்கே நின்றுவிட்டுப் போகவேண்டும் என்று விரும்புகிறேன்.

அங்கிருந்து பழைய ரோமக் கோவிலான பாந்தியான் சுமார் இருபது நிமிட நடை. 2023 முதல் உள்ளே போகக் கட்டணம் உண்டு. வரிசை நீளமாக இல்லையென்றால் தயங்காமல் சீட்டு வாங்குங்கள். ஹாட்ரியன் பேரரசன் காலத்துக் கூரையான அந்தக் குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சிக்குள்ள உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத் திறப்பு, கண்ணாடி கிடையாது. மழை நேராக உள்ளே விழும். விழுந்த நீர் தரையிலுள்ள சிறு துளைகள் வழியாக வடிந்துபோகும். வெயில் நாளில் அந்த ஒளிவட்டம் சுவரில் மெல்ல நகர்வதைப் பார்க்கலாம். வத்திக்கானை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். புனித பேதுரு பேராலயத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையே உங்கள் நேரத்தை விழுங்கிவிடும்.

உணவுக்குச் சதுரத் தட்டில் சுட்டு எடைபோட்டு விற்கும் பீட்சாக் கடைகள் வசதியானவை. வேண்டிய அளவைக் கையால் காட்டினால் வெட்டித் தருவார்கள். தக்காளியும் பூண்டும் மட்டும் சேர்ந்த மரினாரா, உருளைக்கிழங்கு வைத்தது ஆகியவை பொதுவாகச் சைவம். சுப்ளி என்ற சோற்று உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும் என்பதால் கேட்டு வாங்குங்கள். காப்பியை நின்றபடி குடித்தால் விலை குறைவு, மேசையில் அமர்ந்தால் கூடும். தண்ணீர் வாங்கவேண்டியதே இல்லை. தெருவோர நாசோனி இரும்புக் குழாய்களில் எந்நேரமும் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டமான பேருந்திலும் மெட்ரோவிலும் ஜேப்படிக்காரர்கள் உண்டு; கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் சட்டைக்குள் மாட்டும் பையில் வையுங்கள்.

புறப்படும் முன்பு அன்று ரயில் வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலியில் இது அடிக்கடி நடப்பது; முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடவேண்டும் என்பது விதி. நடுப்பகலில் மாட்டிக்கொண்டால் டாக்சிதான் வழி. வெள்ளை நிற உரிமம் பெற்ற டாக்சிகளுக்குப் பழைய நகர மதிலுக்குள்ளிருந்து விமான நிலையத்துக்கு நிர்ணயித்த கட்டணம் உண்டு. ஏறுமுன் அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி பாதுகாப்புச் சோதனை, அதன்பின் ஷெங்கன் எல்லையைத் தாண்டும் கடவுச்சீட்டுச் சோதனை இரண்டும் இருக்கும். ரோமில் வாங்கிய ஆலிவ் எண்ணெய்ப் புட்டி கைப்பையில் இருந்தால் அங்கே தடுத்துவிடக்கூடும் என்பதால், அதை உள்ளே உள்ள கடைகளிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.