லாம்ப்டா கால்குலஸ் இன்டர்பிரட்டரில் மாறிகளைக் குறிக்கும் முறை

லாம்ப்டா கால்குலஸ் என்பது கணிப்புகளைச் சார்புகளாலேயே எழுதும் முறை; அதில் 'லாம்ப்டா க. உடல்' என்பது, க என்ற மாறியில் ஒரு கோவையை வாங்கி உடலை விடையாகத் தரும் சார்பு. இவற்றைப் படித்து இயக்கும் நிரலான இன்டர்பிரட்டரை எழுதத் தொடங்குபவர்கள் மாறியின் பெயரை அப்படியே ஒரு ஸ்ட்ரிங்காக வைத்துக்கொள்வது வழக்கம். தண்டையார்பேட்டையில் மாலை வேளையில் என்னிடம் நிரலாக்கம் பயிலும் மாணவர்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் (லாம்ப்டா க. லாம்ப்டா ச. க) என்ற சார்புக்கு, எந்த லாம்ப்டாவுக்கும் கட்டுப்படாத ஒரு ச-வைக் கொடுத்து, க இருந்த இடத்தில் அதை வெறுமனே எழுதினால், விடை 'லாம்ப்டா ச. ச' என்றாகிவிடும். எதைக் கொடுத்தாலும் வெளியே உள்ள ச-வையே தர வேண்டிய சார்பு, கொடுத்ததையே திருப்பித் தருவதாக மாறிவிடுகிறது, பிழைச்செய்தியும் வராது.

உள்ளே உள்ள பெயரை மாற்றித் தப்பிக்கலாம் என்றாலும், ஒவ்வொரு பதிலீட்டின்போதும் பெயர் மோதலைச் சோதித்தாக வேண்டும். நெதர்லாந்துக் கணிதவியலாளர் டி ப்ரெய்ன் 1972-இல் வெளியிட்ட எண்முறையையே நான் பரிந்துரைப்பேன்: பெயருக்குப் பதிலாக, மாறிக்கும் அதைக் கட்டும் லாம்ப்டாவுக்கும் இடையே எத்தனை லாம்ப்டாக்கள் உள்ளன என்பதை எழுத வேண்டும். மேற்கண்ட சார்பு 'லாம்ப்டா. லாம்ப்டா. 1' ஆகும். பெயர் மட்டும் வேறுபடும் இரண்டு கோவைகள் ஒரே வடிவம் பெறுவதால், அவற்றை ஒப்பிடுவதும் எளிது.

எண் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. மெட்ரோவில் திருவொற்றியூர் பக்கம் போகும்போது, தண்டையார்பேட்டையிலிருந்து இரண்டாவதாக வரும் டோல்கேட், புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து அடுத்த நிலையமாகிவிடுவதைப் போன்றதே இது. ஆகவே ஒரு கோவையை லாம்ப்டாவுக்குள் கொண்டுபோகும்போது அதன் கட்டற்ற எண்களை, அதாவது அந்தக் கோவைக்குள் உள்ள எந்த லாம்ப்டாவுக்கும் கட்டுப்படாதவற்றை, ஒன்று கூட்ட வேண்டும். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன என்பதால் நிதானமாக எழுதுங்கள். கூட்டும் சார்புக்குக் கோவையும் கூட்டும் அளவும் போதாது. எல்லை என்றொரு எண்ணும் தேவை. எல்லை 0-வில் தொடங்கி, லாம்ப்டாவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று உயரும். எல்லைக்குக் குறையாத எண்களை மட்டுமே மாற்ற வேண்டும். 'லாம்ப்டா. 0 1' என்பதை ஒன்று கூட்டினால் 'லாம்ப்டா. 0 2' வர வேண்டும். 0 தன் லாம்ப்டாவுக்கே உரியது.

பீட்டா சுருக்கத்தில், அதாவது சார்புக்கு ஒரு கோவையைக் கொடுத்து விடை காணும் படியில், கொடுக்கப்படும் கோவையை ஒன்று கூட்டி, உடலில் 0 குறிக்கும் இடத்தில் பதிலிட்டு, லாம்ப்டா ஒன்று நீங்கிவிட்டதால் முழு விடையையும் ஒன்று குறைக்க வேண்டும்.

பெயர்களை எறிந்துவிடாதீர்கள். உள்ளிட்ட உரையைப் படித்துக் கோவையாக்கும் பகுதியான பார்சர் பெயரை எண்ணாக்கும்போதே அதை லாம்ப்டாவின் பக்கத்தில் குறித்துவைத்தால், விடையை அச்சிடும்போது உதவும். கணக்கிடும் பகுதி அதைத் தொடவே கூடாது. எழுதி முடித்ததும், வெளி ச-வின் எண்ணை 0 என்று வைத்து முதல் எடுத்துக்காட்டை ஓட்டுங்கள்: 'லாம்ப்டா. 1' வந்தால் சரி, 'லாம்ப்டா. 0' வந்தால் கூட்டும் சார்பைத் திரும்பப் பாருங்கள்.