'சம்பா முடியட்டும்' என்று இழுக்கும் பாக்கியை வசூலிக்க

நம் டெல்டாவில் கடனுக்குக் கெடு தேதியில் இல்லை, போகத்தில்தான். குறுவை முடியட்டும், சம்பா முடியட்டும், தை பிறக்கட்டும் என்றே நாலு வருஷம் ஓடிவிடும். சட்டம் போகம் பார்க்காது. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, தவணை பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து 3 வருஷம்.

அதனால் வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். "இன்றைய தேதியில் இவ்வளவு பாக்கி தர வேண்டியது, சரி" என்று எழுதி, தேதி போட்டு, பாக்கிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம் கிடைக்கும். பழைய 3 வருஷம் முடிந்தபின் வாங்கினால் இந்த நீட்டிப்பு கிடையாது. முதலாளியே போடட்டும், கணக்கப்பிள்ளை போட்டால் அவருக்கு அதிகாரம் உண்டா என்று பிறகு தகராறு வரும். நானே ஒரு அரிசி ஆலைக்குச் சாக்கு போட்ட கணக்கில் கோட்டை விட்டவன். பாக்கி இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், எல்லாம் டீ குடித்துக்கொண்டே வாயால்தான். சாக்கு விற்றவனுக்கே சாக்கு!

செக் கொடுத்து, பணமில்லாமல் திரும்பினால் நாள் எண்ண ஆரம்பியுங்கள். வங்கி தகவல் தந்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து செக் கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம், அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார்.

வியாபாரத் தகராறின் மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அது வணிக வழக்கு. அவசரத் தடை உத்தரவு தேவைப்பட்டால் தவிர நேராக வழக்குப் போட முடியாது. முதலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும். 3 மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் 2 மாதம். இந்த நாட்கள் அந்த 3 வருஷக் கணக்கில் சேராது, எதிராளி வராவிட்டால் அதையே அறிக்கையாக வாங்கிக்கொண்டு வழக்குக்குப் போகலாம். நீதிமன்றக் கட்டணம் மாநிலச் சட்டம்: தமிழ்நாட்டில் 7.5 சதவீதமாக இருந்ததை 2017இல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். பழைய கணக்கை நினைத்துப் பயந்து வழக்கே போடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அண்ணன் தம்பி கூட்டாக நடத்தும் கடையா? 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப் பாக்கிக்கு வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. இதைப் பெரும்பாலோர் எதிர்த்தரப்பு வக்கீல் வாயால்தான் முதலில் கேட்கிறார்கள்.

அப்புறம் பில் புத்தகம். வழக்கு எந்த ஊரில் என்பதற்காக, அடியில் 'கும்பகோணம் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று ஒரு வரி போடுங்கள். அச்சகத்தில் யாரோ ஒருவருடைய பழைய பில்லைப் பார்த்து 'சென்னை' என்று கோர்த்துவிடுவார்கள், புரூஃப் பார்க்கும்போது கடைசி வரியையும் பாருங்கள்.