பி53 ஆய்வில் இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் பினாங்கு லேபில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) படத்தோடு ஓடிவந்து, "அண்ணே, பி53 பட்டை எவ்வளவு தடியா வந்திருக்கு பாருங்க, இந்தச் செல்லுல நல்லா வேலை செய்யுது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கோலாலம்பூரில் படித்த காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன். பைப்பெட் பிடிப்பதெல்லாம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும், அதை விடுங்கள்.

தடித்த பட்டையை நம்புவது

பி53 மற்ற மரபணுக்களை இயக்கும் புரதம். டிஎன்ஏ சேதமானால் நான்கு நான்காகச் சேர்ந்து டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு பி21 போன்ற மரபணுக்களை முடுக்கிவிடும். செல் பிரிவது நிற்கும், சேதம் மிஞ்சினால் செல்லே சாகும். ஆனால் நலமான செல்லில் இது சொற்பமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எம்டிஎம்2 என்ற புரதம் இதை ஓயாமல் அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த எம்டிஎம்2-ஐ உண்டாக்கச் சொல்வதும் பி53தான். பிறழ்வு வந்து பி53 டிஎன்ஏவைப் பிடிக்க முடியாமல் போனால் இந்தச் சுற்றும் அறுந்துவிடும். கெட்ட புரதம் அழியாமல் குவியும், பட்டை தடிக்கும்.

நான் எடுத்தது எச்டி-29, பெருங்குடல் புற்றுநோய்ச் செல். பி53 நிறைய இருக்கிறதே என்றுதான் எடுத்தேன். மூலிகைச் சாறு கொடுத்துப் பார்த்தால் பி21 ஏறவே இல்லை. சரி, தேடும் புரதத்தில் ஒட்டிப் பட்டையைக் காட்டும் ஆன்டிபாடிதான் கோளாறு என்று மானியப் பணத்தில் வெளிநாட்டிலிருந்து ஒன்றுக்கு மூன்றாக வரவழைத்து எட்டு மாதம் ஓட்டினேன். கடைசியில் ஒரு அக்கா, "இந்தச் செல்லோட பி53 சீக்வென்ஸைப் பார்த்தியா?" என்று கேட்டார். 273-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின், அதாவது டிஎன்ஏவைப் பிடிக்க முடியாத பிறழ்ந்த பி53. எப்போதோ பதிவான தகவல், பத்து நிமிடத்தில் தேடி எடுத்திருக்கலாம்! இன்று நினைத்தாலும் எரிகிறது.

1979-இல் கண்டுபிடிக்கப்பட்ட பி53-ஐயே பத்து வருடம் புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றுதான் நினைத்தார்கள். ஆய்வில் பயன்பட்ட பி53 மரபணுப் பிரதிகள் பிறழ்ந்தவை என்பது 1989-இல்தான் தெளிவானது.

ஹீலா செல்லில் பி53 தேடுவது

வேண்டாம். ஹீலா கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல். அதிலுள்ள பாப்பிலோமா வைரஸின் இ6 புரதம் பி53-ஐ அழித்துவிடும்.

எடையைக் கணக்குப் போட்டு மெம்பிரேனை வெட்டுவது

பி53-இன் 393 அமினோ அமிலங்களுக்குக் கணக்கு 44 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் வரும். புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் அது 53-இல்தான் நிற்கும். ஜெல்லிலிருந்து புரதங்களை மாற்றிய மெம்பிரேன் தாளை 50-இல் வெட்டிக் கீழ்த் துண்டை மட்டும் பார்த்தால் பட்டை மேல் துண்டோடு போய்விடும்.

பட்டையே வராதபோது ஆன்டிபாடியைக் குறை சொல்வது

எச்1299 என்ற நுரையீரல் புற்றுநோய்ச் செல்லா? அதில் பி53 கிடையாது. அப்புறம் எப்படி வரும்?